நிறுவுக
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



கணிதத்தின் அழகைப் பற்றிப் பேசும்படி சங்கம் எமது வகுப்பினரைக் கேட்டபோது, முதலில் சிரித்துவிட்டோம். கணக்குப் பாடம் முடிந்து மணி அடிக்கையில் நாம் விட்ட பெருமூச்சு இந்தச் சுவர்களுக்குத் தெரியும். அழகு என்ற சொல்லை அந்தப் பாடத்தோடு சேர்த்து நாம் எண்ணியதேயில்லை. நினைவில் நிற்பது வேறொரு சொல். கேத்திரகணித வினாவின் கடைசியில் வந்து பயமுறுத்தும் 'நிறுவுக' என்ற சொல். இன்று அதைப் பற்றியே பேசப்போகிறோம்.

புதுக்கடையில் படித்த எமக்கு அந்தச் சொல் புதியதல்ல. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவர்களும் வெள்ளவத்தையிலிருந்து வந்தவர்களும் கறுப்புக் கோட் அணிந்த சட்டத்தரணிகளையும், கையில் கோப்போடு காத்து நிற்பவர்களையும் பார்த்தபடியே பாடசாலைக்கு நடந்தோம். நீதிமன்றத்திலும் நிறுவத்தான் வேண்டும். சாட்சி வரும், குறுக்கு விசாரணை நடக்கும். குற்ற வழக்கொன்றில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிறுவினால் போதும். மனிதர் விவகாரத்தில் அதற்குமேல் கேட்கவும் முடியாது. கணிதமோ அதற்கும் ஒரு படி மேலே கேட்கிறது.

ஒரு வழக்கைப் பாருங்கள். ஓர் எண்ணை எடுத்து அதன் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். 1 எடுத்தால் 43. 2 எடுத்தால் 47. 3 எடுத்தால் 53. எல்லாம் முதன்மை எண்கள், அதாவது ஒன்றாலும் தம்மாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை எடுத்துக்காட்டிய வகை இது. 0 முதல் 39 வரை எதை எடுத்தாலும் முதன்மை எண்ணே வரும். நாற்பது சாட்சிகள் ஒரே குரலில் பேசினால் எந்த நீதவானும் நம்பிவிடுவார். ஆனால் 40ஐ எடுத்தால் 1681 வருகிறது. அது 41ஐ 41ஆல் பெருக்கிய விடை. நாற்பது சாட்சிகளையும் ஒரே ஒரு சாட்சி கவிழ்த்துவிடுகிறது.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? அதற்கும் ஓர் உதாரணம். 1, 3, 5, 7 என்று ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனால் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்களே வரும். எப்போதும் வருமா? புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் வைத்துப் பாருங்கள். முதலில் ஒன்று. அதை இரண்டுக்கு இரண்டு சதுரமாக்க ஒரு பக்கமும் அடியிலுமாக மூன்று கொட்டை வேண்டும். மூன்றுக்கு மூன்று ஆக்க இன்னும் ஐந்து. சதுரம் ஒரு சுற்று பெருக்கும்போதெல்லாம் முன்னையதைவிட இரண்டு கொட்டை கூடுதலாகத் தேவை. அவ்வளவுதான். இனி நூறாவது சுற்றைச் சோதிக்க வேண்டியதில்லை, கோடியாவதையும் சோதிக்க வேண்டியதில்லை. ஏன் அப்படி வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 'அட, இதுதானா!' என்று அந்தக் கணத்தில் மனம் துள்ளுகிறதே, கணித அறிஞர்கள் அழகு என்று சொல்வது அதைத்தான்.

ஈரோட்டில் 1887இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனை அறியாதவர் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தபடி 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் அரிய முடிவுகள் இருந்தன, நிறுவல்கள் அநேகமாக இல்லை. முதன்மை எண்களைப் பற்றி அவர் உறுதியாக நம்பிய சில முடிவுகள் பிழையாகவும் போயின. ஹார்டி அவரது மேதைமையைக் கண்டு வியந்தார். அதே வேளை நிறுவலையும் கேட்டார்.

கேம்பிரிட்ஜில் இராமானுஜனின் கண்ணில் ஓர் அட்டவணை பட்டது. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்ற கணக்கு அது. 4ஐ 5 விதமாகப் பிரிக்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 9ஐ 30 விதமாகவும், 14ஐ 135 விதமாகவும், 19ஐ 490 விதமாகவும் பிரிக்கலாம். எல்லாம் ஐந்தால் வகுபடுவதை அவர் கண்டார். கண்டதோடு நிற்கவில்லை. 4இலும் 9இலும் முடியும் எந்த எண்ணுக்கும் அது பொருந்தும் என்பதை நிறுவி 1919இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே 32 வயதில் மறைந்தார். கண்ணால் கண்டதையும் 'ஏன்' என்று கேட்பதே கணித மனம்.

நம் நாட்டவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தவரான சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் பயின்று, பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். சக்தியை இழந்தபடி கருவை நோக்கி நேரே செல்லும் இலத்திரன் அதில் விழுந்துவிடும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். டிராக்கின் சமன்பாட்டின்படி அது கருவை எட்டாமலே திரும்பிவிடும் என்று 1943இல் அவர் காட்டினார். எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தாலும் சமன்பாடு சொன்னதையே எழுதினார். அது ஒரு நேர்மை.

தோழியரே, இனி நம் வழக்குக்கு வருவோம். 'பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு வராது' என்ற கூற்றை நாம் எத்தனை வீட்டில் கேட்டிருப்போம்! உயர்தரத்தில் தூய கணிதம் எடுக்க ஆசைப்பட்டும், அந்த ஒரு வார்த்தையால் வேறு பாடத்துக்குப் போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வினாத்தாளில் ஆயிரம் தடவை 'நிறுவுக' என்பதைப் படித்த நாம், அந்தக் கூற்றைச் சொன்னவரிடம் ஒரு தடவைகூட 'நிறுவுங்கள்' என்று கேட்கவில்லை.

பொதுக் கூற்றொன்றைக் கவிழ்க்க ஓர் உதாரணம் போதும் என்று பார்த்தோம். தமிழ்நாட்டில் 1948இல் பிறந்த பரிமளா, சென்னையில் பெண்கள் பாடசாலையிலும் மகளிர் கல்லூரியிலும் படித்தவர். அட்சரகணித ஆய்வில் உலகம் அறிந்தவராகி, 2010இல் ஐதராபாத்தில் கூடிய உலகக் கணித மாநாட்டின் முழு அமர்வில் உரையாற்றினார். ஈரானியரான மரியம் மிர்சாகானி 2014இல் பீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதற் பெண். தரையில் பெரிய தாளை விரித்து, திரும்பத் திரும்பக் கீறி, பொறுமையாக யோசிப்பது அவர் வழக்கம். அம்மா சித்திரம் கீறுகிறார் என்றே அவருடைய சின்ன மகள் நினைத்தாளாம். நாற்பது வயதில் அவர் மறைந்தது பேரிழப்பு.

அந்த மகள் கண்டது சித்திரம். எமது பிள்ளைகள் எம்மிடம் கண்டது என்ன? கணக்குக் கொப்பியோடு அவர்கள் வந்து நின்றபோது, 'எனக்கும் கணக்கு ஓடாது, அப்பாவிடம் கேள்' என்று சொன்னவர்கள் நாம். அந்தப் பழைய கூற்றுக்கு நாமே சாட்சி சொல்லியிருக்கிறோம். இதை ஒப்புக்கொள்ளாமல் இந்த உரையை முடிக்க மனம் வரவில்லை.

பேத்திமார் வரும்போதாவது சாட்சியை மாற்றுவோம். விடை தெரியாவிட்டாலும் அருகில் இருப்போம். 'ஏன் அப்படி வருகிறது?' என்று அவர்களோடு சேர்ந்து கேட்போம். ஒரு பிடி புளியங்கொட்டையோடு தொடங்கலாம்.