ஒரு துளி குருதியில் ஒரு எச்சரிக்கை

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: மட்டக்களப்பின் கதிரவெளிப் பக்கம் அதிகம் கேட்டிராத பெயர். வெயில் நாடுகளில் குறைவுதான், இல்லாமலில்லை. உடம்பைக் காக்கும் வெள்ளணுக்களே மூளை நரம்பின் உறையைச் சிதைக்கும் நோய் இது.

நட்டாலிசுமாப் ஊசி அந்த அணுக்களை மூளைக்குள் விடாமல் மறிக்கும். 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி. 2005 பெப்ரவரியிலேயே நிறுத்தம். பெரியவர்களில் பாதிப்பேருக்கு உடம்பில் சும்மா கிடக்கிற ஜேசி வைரஸ், காவலில்லாத மூளையில் பி.எம்.எல். என்ற கொடிய தொற்றாக வெடித்திருந்தது.

2006இல் மருந்து திரும்பியது. இப்போது குருதியில் அந்த வைரசுக்கான எதிர்ப்பொருளை அளக்கிறார்கள். சுட்டெண் 0.9க்குள் என்றால் ஆபத்து குறைவு. 1.5ஐத் தாண்டி, ஊசியும் இரண்டு வருடம் கடந்திருந்தால் வைத்தியர் வேறு மருந்தை யோசிப்பார். கிருமி பிறகும் தொற்றலாம். அதனால் 'இல்லை' என்று வந்தவருக்கும் ஆறு மாதத்துக்கொருமுறை சோதனை.

இந்த நோயின் அறிகுறியாக ஒரு கண் திடீரென மங்கலாம். அப்படி மங்கி, சில கிழமையில் தானாகத் தெளிந்தாலும், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள்.