தொட்டால் கட்டி, பயப்படலாமா?
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரை)



வைத்தியர் பேச எழுந்தால் சீனி வருத்தம், பிறஷர் பற்றித்தான் சொல்லுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது காயம் ஆறும்போது உண்டாகும் இறுக்கத்தைப் பற்றி.

சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு மூன்று கிழமையில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டொக்டர், உள்ளுக்குள் கட்டி மாதிரி இருக்கு, புற்றுநோயோ?" சிசேரியன் செய்த தாயும் கேட்பார், வெளிநாட்டில் லிப்போசக்சன் செய்துகொண்ட சகோதரியும் கேட்பார்.

குளக்கட்டு உடைத்தால் முதலில் என்ன செய்வோம்? மண்மூட்டைகளை அவசரமாக அடுக்குவோம். மேடும் பள்ளமுமாக இருந்தாலும் தண்ணீர் நிற்கும். பிறகுதான் ஒழுங்காக மண் போட்டு இறுக்கிச் சமப்படுத்துவோம். உடம்பும் அப்படியே. முதல் சில நாட்கள் வீக்கம். பிறகு கொலாஜன் என்ற புரத நார்களைத் தாறுமாறாகக் குவிக்கும். கையில் தட்டுப்படும் இறுக்கம் பெரும்பாலும் அதுதான். மூன்றாம் கிழமைக்குப் பின் அந்த நார்களை மாற்றி ஒழுங்காக்கத் தொடங்கும். இந்த வேலை ஒரு வருடம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் நடக்கும். முடிவில்கூட தழும்பின் பலம் பழைய தோலின் பலத்தில் ஏறத்தாழ 80 வீதம்தான்.

லிப்போசக்சனில் வெளியே தெரிவது சில சிறு துளைகள் மட்டுமே. உள்ளே மெல்லிய குழாய் பல திசைகளிலும் ஓடியிருக்கும். அதாவது தோலுக்கடியில் அகன்ற காயம். அதனால் விறைப்பு, மரத்த உணர்வு, அங்கங்கே கட்டிகள் வரும். பலருக்கு மூன்று மாதமளவில் இளகும், முழு உருவம் தெரிய ஆறு மாதமோ கூடுதலாகவோ ஆகும். சொன்ன காலம்வரை இறுக்க உடையை அணிய வேண்டும், மெல்ல நடக்க வேண்டும். காயம் நன்றாக மூடிய பின், சிகிச்சை செய்தவர் அனுமதித்தால் மட்டும் மசாஜ் செய்யலாம்.

எங்கள் வீடுகளில் "கிரந்தி" என்று சொல்லி மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். கொலாஜன் செய்யப் புரதமும் விற்றமின் சியும் வேண்டும். ஒவ்வாமை இல்லாதவர்கள் குளத்து மீன், முட்டை, பயறு, கௌபி, கொய்யா, நெல்லிக்காய் தாராளமாகச் சாப்பிடலாம். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும், புகைத்தாலும் காயம் ஆறப் பிந்தும்.

எல்லா இறுக்கத்தையும் பொறுத்திருக்கவும் கூடாது. சிவந்து சூடாகி வலி கூடினால், காய்ச்சல் வந்தால், சீழ் வடிந்தால், கட்டி பெருத்துத் தண்ணீர்ப்பை போல அசைந்தால் உடனே காட்டுங்கள். ஒரு கால் வீங்கி நோவதும், திடீரென மூச்சு முட்டுவதும் அவசரம். இரத்தக்கட்டியாக இருக்கலாம்.

செட்டிகுளத்தில் நின்று தழும்பைப் பற்றிப் பேசும்போது 2009 ஐ விட்டுவிட முடியாது. மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தனர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அருகில் கள வைத்தியசாலை நடத்தியது. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. அந்தக் காயங்களின் தழும்புகள் இன்னும் எங்கள் சனத்தின் உடம்பில் இருக்கின்றன. "இனி என்ன செய்யிறது" என்று பலர் விட்டுவிட்டார்கள். மூட்டை மடக்க விடாமல் இழுக்கும் தழும்பைச் சத்திரசிகிச்சையால் தளர்த்தலாம். தடித்துக் கடிக்கும் தழும்புக்கு ஊசி மருந்தும் சிலிக்கோன் தகடும் உண்டு. பழைய எரிகாயத் தழும்பில் ஆறாத புண் வந்தால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும், அரிதாக அது புற்றுநோயாகலாம். உடம்பில் செல் துண்டு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கமுன் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த மாதமே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் ஊரில் உள்ள உறவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் இதைச் சொல்லுங்கள்.