கூச்சம் குறையன்று, கேளாதிருப்பதே குறை

(தாராபுரம் ஜமாஅத் ஆண்டு விழாவில், முதலாமாண்டு கல்லூரி மாணவ மாணவியரை வாழ்த்தி வழங்கிய உரை)

  

மதிப்பெண், கலந்தாய்வு, கட்டணம் ஆகியவை குறித்து இம்மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். கல்லூரியில் சேர்ந்த பிறகு பிள்ளையின் மனத்தில் என்ன நேர்கிறது என்பதைப் பேசியதில்லை. இன்று அதைப் பேச விரும்புகிறோம்.

நம் மஹல்லாப் பிள்ளை ஒருவர், பெயர் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்று நல்ல மதிப்பெண் பெற்றவர். கோவையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது, விடுதியில் சேர்ந்தார். முதல் மூன்று வாரமும் வெள்ளி மாலையே பேருந்தேறி ஊர் வந்துவிட்டார். நான்காம் வாரம் திரும்பிச் செல்ல மறுத்தார். பாடம் கடினமா என்று கேட்டோம், இல்லை என்றார். யாரேனும் துன்புறுத்தினரா என்றோம், அதுவும் இல்லை. நெடுநேரம் கழித்து, "எல்லாரும் ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள். சாப்பிடும்போது யார் பக்கத்தில் உட்காருவதென்று தெரியவில்லை, அதனால் சில நாள் சாப்பிடவே போகவில்லை" என்றார். அருகில் அமர்ந்திருந்த அவர் அத்தா கண் கலங்கினார். அறிவில் குறையில்லாத பிள்ளை, கூச்சத்தால் படிப்பையே இழக்க இருந்தார்.

அன்பு மாணவர்களே! நாணம் ஈமானின் ஒரு கிளை என்பது நம் மார்க்கம் கற்பித்தது. ஆகவே கூச்ச சுபாவத்தை நோயென்று எண்ணி வருந்த வேண்டாம். ஆனால் அறிவைத் தேடுமிடத்தில் அது தடையாகிவிடக் கூடாது. ஸஹீஹுல் புகாரியில் கல்வி பற்றிய பகுதியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களிடம், முஃமினுக்கு உவமையான, இலையுதிராத மரம் எதுவென்று வினவினார்கள். இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அது பேரீச்ச மரம் என்று மனத்தில் பட்டது. பெரியோர் மௌனமாய் இருக்கும் சபையில் பேச நாணி இருந்துவிட்டார்கள். பிறகு தம் தந்தையிடம் அதைச் சொன்னபோது, உமர் (ரலி) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மகிழ்ச்சியாய் இருந்திருக்கும் என்ற கருத்தில் பேசினார்கள். அன்று பேச நாணிய அந்த இளைஞர் வழியாகத்தான் இன்று 2,600க்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் நமக்குக் கிடைத்துள்ளன.

மாணவியருக்கும் முன்மாதிரி உண்டு. மார்க்கத்தைக் கற்பதில் நாணம் குறுக்கிட விடாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள்.

வகுப்பில் எழுந்து கேட்க நா எழவில்லையா? ஐயத்தைத் தாளில் எழுதிக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் ஆசிரியரின் அறைக்குச் சென்று கேளுங்கள். ஆங்கிலம் வரவில்லையெனில் தமிழிலேயே கேளுங்கள். இராமேஸ்வரத்திலிருந்து 1950இல் திருச்சி தூய வளனார் கல்லூரிக்குச் சென்ற அப்துல் கலாம் அவர்கள், விடுதியில் திருவரங்கத்து ஐயங்கார் மாணவருடனும் கேரளக் கிறிஸ்தவ மாணவருடனும் ஒரே அறையில் வாழ்ந்தார்கள். பின்னர் சென்னை எம்.ஐ.டி.யில் பயின்றபோது, விமானம் செய்வது பற்றித் தமிழில் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றார்கள். தாய்மொழியில் தெளிவாய்ச் சிந்திப்பவர் எவர்முன்னும் தாழ்ந்தவரல்லர்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். கூச்சம் வேறு, கொடுமைக்கு அஞ்சி வாய்மூடியிருப்பது வேறு. ராகிங் தமிழகத்தில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பல்கலைக்கழக மானியக் குழுவும் 2009இல் விதிகள் வகுத்துள்ளது. 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் முறையிடலாம். அத்தகைய துன்பம் நேர்ந்தால் அன்றே வீட்டிலும் சொல்லுங்கள்.

பெற்றோர்களே! "ஊரில் எல்லாரும் படிக்கவில்லையா, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பின் பிள்ளை மனம் திறப்பதில்லை. தொலைபேசியில் மதிப்பெண்ணை விசாரிக்குமுன், இன்று யாருடன் சாப்பிட்டாய் என்று விசாரியுங்கள்.

மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு பணிக்கப்பட்டபோது, தம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி இறைவனிடம் இறைஞ்சினார்கள். தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் வேண்டினார்கள். நபியே துணை வேண்டியிருக்க, பதினேழு வயதுப் பிள்ளை துணை தேடுவதில் இழிவென்ன?

முன்னர் சொன்ன மாணவரை மீட்டதும் ஒரு துணைதான். அதே கல்லூரியில் இரண்டாமாண்டு படித்த நம்மூர் மாணவர் ஒருவர் அவரைக் கையோடு அழைத்துச் சென்றார். இரண்டு வாரம் நாள்தோறும் தம்மருகில் அமர்த்திச் சாப்பிடச் செய்தார். மூன்றாம் வாரம் இவருக்கே இரு நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள். அந்த ஆண்டு எல்லாத் தாள்களிலும் தேறினார்.

எனவே மூத்த மாணவர்களிடம் நம் வேண்டுகோள் ஒன்றே: கோவையிலும் திருப்பூரிலும் திருச்சியிலும் பயிலும் நீங்கள், புதிதாய் வரும் நம் பிள்ளை ஒருவருக்கேனும் முதல் மாதம் துணை நில்லுங்கள். இக்கூட்டம் முடிந்ததும் உங்கள் பெயரையும் எண்ணையும் அலுவலகத்தில் பதிந்து செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களை விரிவாக்கி, நாவின் முடிச்சுகளை அவிழ்த்து, பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.