காலுக்கு ஒரு மாற்றுவழி

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியிலே விசுவமடு என்னும் ஊர் உள்ளது. கமத்தொழிலால் வாழும் ஊர். வாய்க்கால் தூர்ந்து திருத்த இயலாதாயின், பக்கத்தால் வேறொன்று வெட்டித் தண்ணீரைப் பயிருக்குக் கொண்டு செல்லவேண்டும் என்பதை அவ்வூரார்க்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. காலுக்கு இரத்தங் கொண்டு செல்லும் நாடி அடைபட்டபோது சத்திரவைத்தியர் செய்வதும் இதுவே.

சலரோகமும் புகைத்தலும் இந்நாடிகளுக்குப் பெரும் பகை. முதலில் சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் நோகும், நின்றால் தணியும். நோய் முற்றினாற் படுத்திருக்கையிலும் பாதம் நோகும், புண் ஆறாது, விரல் கறுக்கும். அப்பொழுது கேள்வி ஒன்றே: கால் தப்புமா?

1948ஆம் ஆண்டிற் பிரான்சு தேசத்துக் குன்லின், நோயாளியின் காலிலிருந்தே ஒரு நாளத்தை எடுத்து மாற்றுவழி அமைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கர் துணிக்குழாயை நாடினர். ஹூஸ்டன் நகரத்து டிபேக்கி, கடையில் நைலோன் தீர்ந்துபோனமையால் டேக்ரோன் துணியை வாங்கி, வீட்டுத் தையல் இயந்திரத்திலே குழாய் தைத்தார் என்பர். இளமையில் தாயிடம் கற்ற தையல் அன்று கைகொடுத்தது! 1970களில் வேறொரு குழாய் வந்தது. ஒட்டாத தாச்சிக்குப் பூசும் ரெப்லோனை இழுத்து விரித்துச் செய்தது அது.

இக்குழாய்கள் எவ்வளவு காலம் உழைக்கும்? அது பொருத்தும் இடத்தைப் பொறுத்தது. வயிற்றிலுள்ள பெருநாடியில் இரத்தம் வேகமாகப் பாய்கிறது, குழாயும் அகலம். அங்கே டேக்ரோன் பத்தாண்டு கழிந்தும் பெரும்பாலும் திறந்தேயிருக்கும். முழங்காலுக்குக் கீழே கதை வேறு. அமெரிக்காவிற் பல வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்தி 1986இல் வெளியிட்ட ஆய்வில், அங்குள்ள சிறு நாடிகளுக்குப் பொருத்திய நாளக்குழாய்களில் நூற்றுக்கு 49 நான்கு ஆண்டின் பின்னும் திறந்திருந்தன; செயற்கைக் குழாய்களிலோ 12 மட்டுமே.

காரணம் உண்டு. நாளத்தின் உட்புறத்தே இரத்தம் உறையாது காக்கும் உயிருள்ள படலம் இருக்கிறது. செயற்கைக் குழாயில் அப்படலம் இருமுனைகளுக்கு அப்பால் அதிகம் வளர்வதில்லை. தைத்த இடத்திலே தசை தடித்து வாயைக் குறுக்குவதும் உண்டு. கிருமி தொற்றிவிட்டாற் குழாயையே கழற்ற நேரலாம். உறைவைத் தடுக்கும் ஹெபரின் மருந்தைப் பிணைத்த குழாய்கள் பின்னர் வந்து நிலைமையை ஓரளவு திருத்தின. ஆயினும் நல்ல நாளம் இருக்கையில் அதற்கு ஈடில்லை. நாளம் பழுதுபட்டவர்க்கும், இருதய சத்திரசிகிச்சைக்கு அதனை முன்பே கொடுத்துவிட்டவர்க்கும் செயற்கைக் குழாயே துணை. அவர்கள் அதனை வேண்டாமென்று தள்ளுவதும் பேதைமை.

சத்திரசிகிச்சையின் பின்னும் புகைப்பவர்க்கு மாற்றுவழி அடைபடும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்கு. வைத்தியர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. பாதம் திடீரெனக் குளிர்ந்து, வெளிறி, மரத்துப்போனால் குழாய் அடைபட்டதென்றே கருதவேண்டும். இரத்தம் அறவே நின்ற தசை ஆறு மணி நேரமளவிற் பழுதாகத் தொடங்கிவிடும். விசுவமடு போன்ற ஊரிலிருந்து பெரிய வைத்தியசாலைக்குச் செல்லும் நேரமும் அந்த ஆறு மணியுள் அடக்கம். ஆதலின் விடியட்டும் என்று காத்திராமல் இரவிலேயே புறப்படவேண்டும்.