ஊர்ப் பணமும் ஊர்க் கணக்கும்



முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் பெயர் கூப்பிட்டவன் நான். பெயரை வாய்விட்டுப் படித்து, அதற்குரியவன் எழுந்து 'உள்ளேன் ஐயா' என்று சொன்ன பின்னரே பேனா ஏட்டைத் தொடவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எனக்குப் படிந்த பழக்கம். கிராம முன்னேற்றத்துக்காக அரசாங்கம் செலவிடும் பணத்தைப் பற்றிப் பேசவந்தவன் வருகைப் பதிவேட்டைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் எண்ணக்கூடும். இரண்டுக்கும் உள்ள உறவு மிக நெருங்கியது.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் நம் நாட்டில் 55 இடங்களில் தொடங்கப்பெற்றது. ஐந்தாண்டு கழித்து அதனை ஆராய்ந்த பல்வந்தராய் மேத்தா குழு, திட்டம் மக்களுடைய சொந்தக் காரியமாக ஆகவில்லை என்று கண்டு, ஊர் முதல் மாவட்டம் வரை மக்கள் மன்றங்களிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொல்லிற்று. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்பிலேயே இடம் தந்தது. ஆனால் சபைக்கு இடம் கிடைப்பது வேறு. சபையில் கணக்குப் படிக்கப்படுவது வேறு.

பின்னதற்கு வழிகாட்டியவர்கள் இராஜஸ்தானத்து ஏழை உழைப்பாளிகள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அவர்களுடைய அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் ஊரில் மக்களைக் கூட்டி, அரசாங்க வேலைகளின் கணக்கை வெளிப்படையாகப் படித்துக் காட்டிற்று. மஸ்டர் ரோல் எனப்படும் கூலியாள் வருகைப் பட்டியலைப் படிக்கக் கேட்டால், எவர் உண்மையில் மண் வெட்டினார் என்பதை ஊரார் அறியமாட்டார்களா? இம்முறையே பின்னர்ச் சமூகத் தணிக்கை என்னும் பெயரில் 2005ஆம் ஆண்டின் வேலையுறுதிச் சட்டத்தில் ஏறிற்று. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டில் 100 நாள் வேலைக்கு உறுதி தந்த அச்சட்டம், கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமையைக் கிராம சபைக்கு அளித்தது. அதன் இடத்தில் 2025 டிசம்பரில் வேறு சட்டம் நிறைவேறிவிட்டது. எச்சட்டமாயினும், ஏடு கைப்பேசிக்குள்ளேயே போய்விட்டாலும், பெயர்ப் பட்டியல் ஒன்று இருந்தே தீரும்.

இவ்வளவும் அறிந்திருந்த நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். 2010ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று, நான் தலைமையாசிரியனாக இருந்த சிற்றூரில் கிராம சபை கூடிற்று. கொடியேற்றி மிட்டாய் வழங்கி முடிந்த நேரம். ஊரணி தூர்வாரிய கணக்கைச் சபை ஏற்றுக்கொண்டதாக எழுதியிருந்த தீர்மானப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "ஐயா கையெழுத்து முதலில் இருக்கட்டும்" என்றார்கள். படிக்காமலே போட்டேன். பசி ஒரு காரணம்; பெருமை மற்றொரு காரணம்.

சில நாள் சென்றன. எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் தன் பாட்டியின் பெயரைப் படித்திருக்கிறான். பாட்டி வேலைக்குப் போய்க் கூலி வாங்கியது 9 நாள். சுவரில் இருந்தது 14 நாள். அந்த ஐந்து நாள், பொதுப் பணத்தில் மட்டுமன்று, அக்குடும்பத்துக்குரிய நூறு நாளிலும் கழிந்துபோயிருந்தது. மூதாட்டி பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியாரய்யா, நீங்க பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டிருப்பீங்க? அப்ப நான்தான் மறந்துட்டேனோ?"

குத்திக்காட்டும் பேச்சன்று அது. மெய்யாகவே ஐயுற்றுக் கேட்டார். தம் உடம்பு உழைத்த நாள்களைவிட என் கையெழுத்தை அவர் நம்பினாரே, அதுதான் என்னைத் தலைகுனிய வைத்தது.

பட்டியலின் பிரதியைக் கேட்டுப் பெற்றேன். அக்டோபர் 2ஆம் நாள் சபையில், எனக்குத் தெரிந்த ஒரே வித்தையான பெயர் கூப்பிடுதலைச் செய்தேன். முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு ஒவ்வொருவராய் எழுந்து தத்தம் நாள்களைச் சொன்னார்கள். என் மாணவர் இருவர் குறித்துக்கொண்டனர். ஒரு பெயருக்கு விடை வரவில்லை. மீண்டும் கூப்பிட்டேன். "அவர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதன்பின் எவரும் சிரிக்கவில்லை. எல்லாம் களவென்று சொல்லமாட்டேன். ஒரே பெயருடைய பெண்கள் இருவரை மாற்றி எழுதிய குழப்பமும் அதில் இருந்தது. பெயர் கூப்பிட்டதால் அதுவும் வெளிப்பட்டது.

நாள் கணக்குத் திருத்தப்பெற்றது. பாட்டியின் வேலை அட்டையில் அந்த ஐந்து நாளும் மீண்டன. மண் கணக்கைத்தான் ஒன்றும் செய்ய இயலவில்லை. எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்பதைக் காட்ட ஊரணியின் நடுவே விட்டிருக்கவேண்டிய மண்திட்டைக் காணோம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கக் கற்ற பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, அளவு நாடாவுடன் நான் அங்கே போய் நின்றபோது, ஐப்பசி மழையில் ஊரணி கரைததும்ப நிறைந்து கிடந்தது.