விற்பனைக்கு வந்த வீட்டில் குடியிருப்போர்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இம்மன்றத்தில் இலக்கியம் பேச வல்லார் பலர் உளர். நாமோ இரயில்வே அலுவலகத்தில் கணக்கேடுகளோடு காலங்கழிப்பவர். படிப்பும் பள்ளி இறுதி வகுப்போடு நின்றது. பட்டறிந்த ஒன்றையே பேசுமாறு செயலாளர் பணித்தமையால், இம்மும்பை நகரில் குடக்கூலி வீட்டில் வாழ்வோர்க்கு நேரும் ஓர் இடரைப் பற்றிச் சொல்ல வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடியிருந்த வீட்டை அதன் உரிமையாளர் விற்கக் கருதினார். விற்பது அவர் உரிமை. வாங்குவோர் வீட்டைப் பாராமல் பணத்தைக் கொடார் என்பதும் நியாயமே. ஆகவே முதலில் வந்தவர்களை முகமலர்ந்து வரவேற்றுக் காப்பியும் கொடுத்தோம். அது பிழையாயிற்று போலும்! காப்பி கிடைக்கும் வீடு என்று தரகர்களிடையே பெயர் பரவியதோ என்னவோ, அம்மாதத்தில் ஆள் வராத நாள் அரிது. காலை ஏழு மணிக்குக் குளியலறைக் கதவைத் தட்டினார் ஒருவர். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறதென்று பார்க்க வேண்டுமாம். பூசை அலமாரி வரையில் செருப்புக்காலோடு வந்தார் இன்னொருவர். எங்கள் தாயார் எண்பதை நெருங்கியவர். உச்சிப் பொழுதில் சற்றே கண்ணயர்வார். அவர் கட்டிலைச் சுற்றி நின்று சுவரின் நீளத்தை அளந்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள்.

ஒருநாள் அலுவலகத் தோழர் தம் கைப்பேசியில் வீட்டு விற்பனை விளம்பரம் ஒன்றைக் காட்டினார். பார்த்தால், எங்கள் வீடு! கொடியில் உலரும் துணி, தந்தையாரின் மாலையிட்ட படம், மகளின் பெயர் எழுதிய தேர்வு அட்டவணை எல்லாம் அதிலே தெரிந்தன. அடுத்த ஞாயிறு கோயிலிலிருந்து திரும்பியபோது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. துணி அலமாரி திறந்து கிடந்தது. உரிமையாளரிடம் இருந்த மாற்றுச் சாவியைத் தரகர் வாங்கி வந்திருக்கிறார். களவு ஒன்றும் போகவில்லை. ஆயினும் மகள், "அப்பா, இது நம்முடைய வீடா, இல்லையா?" என்று கேட்டாள். அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

அதன் பின்னரே சட்டம் அறிந்த நண்பர் ஒருவரை நாடினோம். அவர் விளக்கியதிலிருந்து தெளிந்தவற்றைச் சொல்கிறோம். மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, 28ஆம் பிரிவின்படி உரிமையாளர் வீட்டைப் பார்வையிடலாம். ஆனால் முன்னறிவிப்புக் கொடுத்து, தகுந்த நேரத்தில்தான் வரவேண்டும். வாடகைதாரருக்கு மட்டுமன்றி, நம்மில் பெரும்பாலோர் எழுதிக்கொடுக்கும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' பத்திரத்தின்கீழ் இருப்போருக்கும் இது பொருந்தும். இடங்கொடுக்க மறுத்தார் என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதை 29ஆம் பிரிவு தடுக்கிறது. மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் 24 மணி நேர முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. ஆனால் மாதிரிச் சட்டம் மாநிலம் ஏற்றுக்கொண்டாலன்றிச் செல்லாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தனர். பெருமைக்குரிய தீர்ப்புத்தான், எனினும் அது பெரிதும் அரசை நோக்கியது. வாசலில் நிற்கும் தரகரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

வீடு கைமாறினால் நம் நிலை என்ன? சென்னை வண்டி வாடியைத் தாண்டி வேறொரு இரயில்வேயின் எல்லைக்குள் புகும்போது, படுக்கையில் உறங்கும் பயணியை எவரும் எழுப்புவதில்லை. முறையான குத்தகையும் அத்தகையதே. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி, வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், குத்தகை முறிவதில்லை. லைசென்ஸ் பத்திரமோ அவ்வாறன்று. அதே 1882இல் இயற்றப்பட்ட வசதியுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, வாங்குபவரை அந்த லைசென்ஸ் கட்டுப்படுத்தாது என்கிறது. இதனை அறிந்தபோது நமக்கு உள்ளபடியே அச்சம் பிறந்தது. பதினொரு மாதத்துக்கென்று கையெழுத்திடும் அன்பர்கள் எத்தனை பேர் இதை அறிவர்?

சண்டைக்குப் போகாமல் உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம். ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை எவரும் பார்க்கலாம். மற்ற நாளாயின் முதல்நாளே சொல்லவேண்டும். நாங்கள் இல்லாதபோது எவரும் நுழையலாகாது. எங்கள் பொருள் தெரியும் படங்களை விளம்பரத்திலிருந்து நீக்கவேண்டும். இவ்வளவே. அவர் பொல்லாதவர் அல்லர். தொலைவில் வசிப்பதால் தரகர் செய்தது அவருக்கே தெரியவில்லை. வந்து வருத்தம் தெரிவித்து, மாற்றுச் சாவியை எங்கள் கையிலேயே கொடுத்தார். படங்களும் இரண்டு நாளில் மறைந்தன.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அவ்வீட்டுக்கு வருமுன் நாங்களும் ஏழெட்டு வீடுகளைப் பார்த்தோம். பிறர் அடுப்படியில் தலைநீட்டி, அடுப்பில் என்ன கொதிக்கிறது என்றுகூடப் பார்த்ததுண்டு. அங்கிருந்த பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டதன் பொருள் அன்று விளங்கவில்லை.

வீடு விற்றது. புதியவர் தாமே குடிவர விரும்பியதால், தேர்வு முடியும்வரை தவணை பெற்று நாங்கள் வேறு வீடு மாறினோம். இம்முறை பத்திரம் பதிவாகுமுன்னரே, வீட்டைக் காட்டும் நாள், நேரம், படம் எடுத்தல், விற்பனையானால் காலி செய்யத் தரும் அவகாசம் இவற்றை வரி வரியாகச் சேர்க்கச் சொன்னோம். தரகர் முகஞ்சுளித்தார். உரிமையாளர் அம்மையாரோ பல்லாண்டு குடக்கூலி வீட்டில் இருந்தவராம். "என் காலத்தில் இது தெரியாமற் போயிற்றே" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

அவ்வரிகளின் படியொன்றைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். பத்திரம் எழுதவிருப்போர் சங்க அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.