பெட்டிக்குள் காற்று வழி



மேசைக் கணினியின் பெட்டியைக் கடைக்காரரும் நாமும் 'சி.பி.யூ.' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அப்பெயர் பெட்டிக்குள் இருக்கும் சிறியதொரு சில்லுக்கே உரியது. சொல் மாறினால் என்ன என்று கேட்கலாம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அப்படித் தள்ளிவிட மனம் வருவதில்லை. பெட்டியையும் சில்லையும் ஒன்றென்று எண்ணிவிட்டால், பெட்டிக்கென்று தனியே ஒரு வேலை உண்டு என்பது மறந்து போகிறது. காற்றை உள்ளே கொணர்ந்து, சூட்டை ஏற்றிக்கொண்டு வெளியேறச் செய்வதே அவ்வேலை.

சென்ற சித்திரையில் தாராவியிலிருந்து நண்பர் ஒருவர் செம்பூரிலுள்ள எங்கள் வீட்டிற்கு வந்தார், திருநெல்வேலிப் பக்கத்தவர். அவருடைய மகள் வணிகவியல் பட்டதாரி. 90 அடிச் சாலையை ஒட்டிய தோல் பொருட் கடைகள் மூன்றிற்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறாள். மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கணக்கை அனுப்பியாக வேண்டும். அவளுடைய கணினியோ பிற்பகல் இரண்டு மணி ஆனால் தானே அணைந்து விடுகிறது! பழுது பார்ப்பவர் ஒருவர், மதர்போர்டு போய்விட்டது என்று கூறி ஒன்பதாயிரம் ரூபாய் கேட்டாராம். கடைக்காரர்களில் ஒருவர் வேறு ஆள் தேடத் தொடங்கிவிட்டார்.

காலையில் நன்றாக ஓடுவது பிற்பகலில் அணைகிறது என்றதும் நமக்கு ஐயம் எழுந்தது. மறுநாள் ஞாயிறு; புறப்பட்டுப் போனோம்.

ஒற்றை அறை, ஏணி வைத்து ஏறும் பரண், அதன் மேல் தகரக் கூரை. பெட்டி பரண் மேல் இருந்தது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை இந்நகரத்தார் மறக்கவில்லை. தாழ்ந்த வீடுகளில் விலையுள்ள பொருள்கள் மேலே ஏறிவிட்டன. வெள்ளத்திற்கு அது நல்ல இடந்தான். ஆனால் சுட்ட காற்று மேலே சென்று தங்குவதும் அங்கேதான் அன்றோ?

"மாமா, விசிறியெல்லாம் நன்றாகத்தான் சுற்றுகிறது" என்றாள் அப்பெண். சுற்றத்தான் செய்தது. ஆயினும் விசிறி சுழல்வது வேறு, காற்று நடப்பது வேறு. நாம் சோதிக்க வேண்டியது பின்னதையே.

முதற் சோதனைக்குக் காசு செலவில்லை. சில்லின் வெப்பத்தைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. வேலை மிகுந்த நேரத்தில் அளவைக் குறித்துக்கொண்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுச் சிறிது பொறுத்து மீண்டும் பார்க்க வேண்டும். மூடிய பெட்டியில் 96 பாகை காட்டியது. தகட்டைக் கழற்றியதும் 83க்கு இறங்கியது. இவ்வளவு வேறுபாடு இருந்தால் குறை சில்லில் இல்லை, காற்று வழியில் இருக்கிறது என்று கொள்ளலாம். நூறு பாகையை நெருங்கினால் இக்காலச் சில்லுகள் முதலில் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் தம்மைக் காத்துக்கொள்ள அணைந்து விடும். பிற்பகல் நோயின் காரணம் இதுவே.

அடுத்தது ஊதுவத்தி. மாதுங்காக் கடைத் தெருவில் வாங்கிய கட்டு பையில் இருந்தது. தகட்டை மீண்டும் மூடி, அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு, துளைகளுக்கு வெளியே நான்கு விரற்கடை தள்ளி வத்தியைப் பிடிக்க வேண்டும். உள்ளே நுழைத்து விடக் கூடாது, சாம்பல் விழும். நெருப்புக்கு அஞ்சுவோர் மெல்லிய தாள் நறுக்கைத் தொங்கவிட்டும் பார்க்கலாம். முன்புறத்தில் புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். பின்புறத்தில் தள்ளப்பட வேண்டும்.

அங்கே நாம் கண்டது வேறு. முன்புறத்தில் புகை அசையாமல் மேலெழுந்தது. வலையைக் கழற்றினால், பக்கத்துத் தையற் கூடத்தின் பஞ்சும் நூல் தூசியும் கம்பளிபோல் படிந்திருந்தன. பின்புறத்திலோ புகை வெளியே வராமல் உள்ளே போயிற்று. முன்பு எப்போதோ துடைத்தவர் பின் விசிறியைத் திருப்பி மாட்டிவிட்டார். விசிறியின் சட்டத்தில் குறுக்குக் கைகள் எப்பக்கம் உள்ளனவோ அப்பக்கமே காற்று வெளிவரும். இதை அறிந்தால் போதும். நான்கு திருகாணிகளைக் கழற்றித் திருப்பி மாட்டினோம்.

சன்னலுக்குக் 'காலதர்' என்றொரு பழஞ்சொல் சிலப்பதிகாரத்தில் வருகிறது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சுவரில் துளை இருந்தால் மட்டும் அது காலதர் ஆகிவிடாது. காற்றுப் போய் வர வேண்டும்.

இந்நகரத்தில் இக்கவலை புதிதன்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாகி, 1960இல் இயங்கத் தொடங்கிய 'டிஃப்ராக்' கணினியில் 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஒவ்வொன்றும் சுடர்விட்டு எரியும் சிறு விளக்கைப் போன்றது. அதன் எஃகுச் சட்டம் 18 அடி நீளம், 8 அடி உயரம். இன்று அதைவிடப் பன்மடங்கு கணக்கிடும் சில்லு உள்ளங்கையில் அடங்குகிறது. சூடும் அச்சிறு இடத்திலேயே திரள்கிறது.

துடைக்கும்போது மின்னிணைப்பை எடுத்துவிடுங்கள். விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்க வேண்டா. உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று மிகுதியாக இருப்பது நன்று. அப்போது தூசி கண்ட இடுக்குகளில் எல்லாம் நுழையாமல் வலையிலேயே தங்கும். மழைக் காலத்து ஈரத்தில் தூசி பசைபோல் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் ஆனி பிறக்குமுன் ஒரு முறை துடைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

விசிறி அறைக் காற்றையே கொணர முடியும். குளிர்விக்கும் ஆற்றல் அதற்கில்லை. எனவே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி முக்காலியின் மேல் வைத்தோம். மழை வலுக்கும் நாளில் தூக்கி மேலே வைத்தால் ஆயிற்று. முக்காலி போய்விட்டதே என்று பெண்ணின் தாயாருக்குத்தான் குறை. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, மூடிய பெட்டியில், 77 பாகை காட்டியது.

அம்மாதக் கணக்கை 18ஆம் தேதியே அனுப்பிவிட்டதாக நண்பர் தொலைபேசியில் சொன்னார். வேறு ஆள் தேடிய கடைக்காரரும் தம் கணக்கை அவளிடமே விட்டு வைத்திருக்கிறார்.